பல்லுக்கு 371, குடல்வாலுக்கு 377

1990-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்துக்காக ஒரு பட்டியல் தயாரானது. இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது; எந்தச் சிகிச்சைக்கு முதலில் தருவது? ஒவ்வொரு சிகிச்சையும் எவ்வளவு நலம் தரும், எத்தனை ஆண்டு நீடிக்கும், என்ன செலவாகும் என்று கணினிக்குக் கொடுத்து, 1,600-க்கும் மேற்பட்ட இனங்களை வரிசைப்படுத்தினார்கள். பல்லுக்கு கேப் போடுவது 371-வது இடம். குடல்வால் அறுவை சிகிச்சை 377.

குடல்வால் வெடித்தால் ஆளே போய்விடலாம். பல்லில் கேப் இல்லையென்றால் முறுக்கைத் தொட முடியாது, அவ்வளவுதான். ஆனால், கேப்புக்கு 38 டாலர். அறுவைக்கு 5,744 டாலர். ஒருவரின் அறுவைச் செலவில் 150 பேருக்கு கேப் போடலாம். அந்த 150 பேரின் துளித்துளி நலத்தைக் கூட்டினால் ஓர் உயிரைத் தாண்டிவிடுகிறது. கணினி கூட்டலில் தவறவில்லை.

அறத்துக்கு அறிவியலே அடித்தளம் என்பவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டத் தோன்றும். அமெரிக்க எழுத்தாளர் சாம் ஹாரிஸ் 2010-ல் எழுதிய ‘தி மாரல் லேண்ட்ஸ்கேப்’ நூல் அந்த வாதத்தைப் பிரபலமாக்கியது. நன்மை தீமை என்பது உணர்வுள்ள உயிர்களின் நலம் பற்றிய பேச்சுதான். நலம் என்பது மூளையையும் உலகத்தையும் சார்ந்த உண்மை. ஆகவே, அதை ஆராய்ந்து அறியலாம் என்கிறார். ஆரோக்கியத்துக்குத் துல்லியமான வரையறை இல்லாததால் மருத்துவம் அறிவியல் இல்லையென்று ஆகிவிடுமா என்றும் கேட்கிறார்.

இங்கே வழக்கமாகத் தத்துவவாதி டேவிட் ஹியூமை அழைத்துவருவார்கள்: ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ பிறக்காது. எனக்கு அந்த மறுப்பில் அவ்வளவு ருசி இல்லை. தீயில் விழப்போகும் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதற்கு நிரூபணம் கேட்பவரோடு என்ன பேசுவது? வேதனை கெட்டது என்பதை ஹாரிஸுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம். எத்தனை பேரின் சின்ன வேதனை ஒருவரின் சாவுக்குச் சமம் என்று கேட்கும்போதுதான் அவர் கை வெறுங்கையாகிறது. அந்த மாற்று விகிதம் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

அளவுகோலே யாருடையது என்பது அடுத்த சிக்கல். ஓரிகனில் சுமார் 1,000 பேரைத் தொலைபேசியில் அழைத்து, உடல்நிலைகளுக்கு மதிப்பெண் கேட்டார்கள். மரணத்துக்கு 0, நல்ல ஆரோக்கியத்துக்கு 100. சக்கர நாற்காலி வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டவர்களில் பெரும்பாலோர் அதில் உட்கார்ந்தே இராதவர்கள். உட்கார்ந்திருப்பவர்களோ தங்கள் வாழ்க்கையை வெளியாட்கள் நினைப்பதைவிட உயர்வாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு இது பாரபட்சம் என்று சொல்லி, 1992 ஆகஸ்ட்டில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. சரி, அனுபவிப்பவரிடமே கேட்டுவிடலாமா? ஒடுக்கப்பட்டவர்கள் கிடைத்ததை வைத்துத் திருப்திப்படப் பழகிவிடுவார்கள் என்று அமர்த்திய சென் எச்சரித்தது அதற்குத்தான். இரண்டு பதில்களும் தரவுகள்தான். எதை நலம் என்று எடுத்துக்கொள்வது என்பதைத் தரவு சொல்லாது.

அதற்காக மனசாட்சியே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 1987-ல் இதே மாநிலம் உறுப்பு மாற்று சிகிச்சைக்கான நிதியை நிறுத்திவிட்டு, கர்ப்பிணிகள் உள்ளிட்ட பலரின் அடிப்படை மருத்துவத்துக்குத் திருப்பியது. அந்த ஆண்டு இறுதியில், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுவன் ரத்தப் புற்றுநோயில் இறந்தான். நாடே அவன் முகத்தைப் பார்த்துப் பதறியது. பேறுகாலக் கவனிப்பால் பிழைக்கும் குழந்தைகளுக்குத் தொலைக்காட்சியில் முகம் இல்லை. அவர்களை நம் கண்ணுக்குக் கொண்டுவருவது புள்ளிவிவரம் மட்டுமே.

1990-ன் பட்டியலைத் தயாரித்த ஆணையத்தினர், அந்த 377-ஐப் பார்த்ததும் கணினியின் சூத்திரத்தை ஒதுக்கினார்கள். சிகிச்சைகளை வகைபிரித்து, உயிர் காப்பவற்றை மேலே ஏற்றி, பல வரிகளைத் தங்கள் கையாலேயே இடம் மாற்றினார்கள். 1991-ல் வந்த புதிய பட்டியலில் 709 வரிகள். 1993-ல் கடைசியாக ஒப்புதல் கிடைத்தபோது, தொலைபேசியில் வாங்கிய அந்த மதிப்பெண்கள் கணக்கிலேயே இல்லை.