தண்ணீர் நிற்கும் மூலை

நியூஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால், வடக்கு மூலையில் மழை விட்டு நாலு நாளானாலும் தண்ணீர் வடியாது. போதாததற்கு ஓக் மரத்து நிழல். ரோஜா வைத்தோம், வேர் அழுகிப்போயிற்று. லாரியில் மண் அடித்து மேடாக்கிவிடுவதென்று முடிவே செய்துவிட்டோம்.

அந்த ஆகஸ்டில் சென்னையிலிருந்து அத்தை வந்திருந்தார். அவரை மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கும் பைன் பேரன்ஸ் காட்டுக்கு, பாட்ஸ்டோ பக்கம் அழைத்துப்போனோம். பதினோரு லட்சம் ஏக்கருக்கு விரிந்து கிடக்கும் மணற்பூமி அது. 1978-ல் அமெரிக்காவின் முதல் ‘நேஷனல் ரிசர்வ்’ என்று அறிவித்துக் காப்பாற்றினார்கள். அங்கே ஓடைத் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்தில் ஓடும். சிடார் மரங்களின் சாறும் மண்ணில் இருக்கும் இரும்பும் கலந்த நிறம்.

ஓடை கண்ணில் படுவதற்கு முன்பே அத்தை நின்றுவிட்டார். “ஏதோ பூத்திருக்கும்மா. வாசனை வருது, செடியைத்தான் காணோம்.”

இருபதடி தள்ளி, சேற்றில் கால் வைத்து நின்றது செடி. ஆள் உயரம். கிளை நுனிதோறும் விரல் நீளத்துக்கு வெள்ளைப் பூங்கதிர், அடியிலிருந்து நுனி நோக்கி மலர்ந்துகொண்டிருந்தது. தேனின் இனிப்பும் கிராம்பின் காரமும் சேர்ந்த வாசனை. மல்லிகையை முகர்வதற்கு நாம் குனிய வேண்டும். இது ஈரக்காற்றில் ஏறி நம்மைத் தேடி வருகிறது. அந்தக் காலத்தில் கரை கண்ணுக்குத் தெரியுமுன்பே மாலுமிகளுக்கு இதன் மணம் எட்டிவிடும் என்று சொல்வார்கள். அன்று அங்கே நின்ற எனக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை. கதிர் ஒவ்வொன்றிலும் தேனீக்கள்.

ஸ்வீட் பெப்பர்புஷ் என்று பெயர். போன வருஷத்து விதைக்கூடுகள் ஒரு கிளையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன, அசல் மிளகு போல. அத்தை ஒன்றை நசுக்கி முகர்ந்துவிட்டு, “காரமே இல்லையே” என்றார். உருவத்துக்காக வைத்த பெயர்தான் அது. தாவரவியல் பெயரான கிளெத்ரா அல்னிஃபோலியா அதைவிட மோசம். ‘கிளெத்ரா’ என்பது ஆல்டர் மரத்துக்கான கிரேக்கச் சொல். ‘அல்னிஃபோலியா’ என்றால் ஆல்டர் இலை கொண்டது. ஒரே மரத்தை இரண்டு முறை சொல்லும் அந்தப் பெயரில் வாசனைக்கு இடமில்லை. சம்மர்ஸ்வீட் என்று இன்னொரு பெயர் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த வருஷ இலையுதிர்காலத்தில் இரண்டு செடி வாங்கி, வடக்கு மூலையில் நட்டோம். மறு வருஷம் ஏப்ரல் கடைசியில் தோட்டம் முழுக்கத் துளிர்த்தும் இவை வெறும் குச்சிகளாகவே நின்றன. புல் வெட்ட வந்தவர், “செத்துவிட்டது, பிடுங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். வேண்டாமென்றேன். எல்லாவற்றுக்கும் பிந்தித் துளிர்ப்பதே இதன் சுபாவம். மே நடுவில் பச்சை தட்டியது. மற்ற புதர்களெல்லாம் பூத்து ஓய்ந்த ஜூலைக் கடைசியில், அந்த நிழலில், அந்த ஈரத்தில் பூத்தது. இலையுதிர்காலத்தில் இலை பொன்மஞ்சளாகிக் கொட்டும்.

இங்கே பல வீடுகளில் பட்டாம்பூச்சிக்காக என்று சீனாவிலிருந்து வந்த பட்லியாவைத் தேடி வாங்கி வைக்கிறார்கள். மெய்னிலிருந்து ஃபுளோரிடா வரை இந்தக் கரையோரச் சதுப்புகளிலேயே பிறந்து வளர்ந்த செடியை அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் நிற்கும் மூலையில் மண் கொட்டுவதற்கு முன் இதை ஒன்று வைத்துப் பாருங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வரவேண்டாம். உள்ளூர்ச் செடிகள் விற்கும் நர்சரியில் கிடைக்கும். பக்கக்கன்று விட்டுப் பரவும், அதற்கு இடம் விடுங்கள். கவாத்துச் செய்வதானால் குளிர்காலக் கடைசியில் செய்யுங்கள். பூ வருவது அந்த வருஷத்துப் புதுக் கிளையில்தான்.