முதலாண்டுக் கணக்கு யாருக்காக?

வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட் முடிந்ததும் ஒரு விவாதம் கிளம்பும். இந்த வருஷ வைட் ரிசீவர் கிளாஸ் 2014ஐ விடப் பெரியதா, சின்னதா? ஜனவரியில் சீசன் முடிந்ததும் அதே விவாதம் எண்களோடு திரும்பி வரும். எத்தனை பேர் 1000 யார்டு தாண்டினார்கள், எத்தனை டச்டவுன், முதல் சுற்றிலேயே எத்தனை பேர் போனார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி ஒரு கிளாஸை இன்னொன்றின் தலைமேல் தூக்கி வைப்பார்கள்.

இது வெறும் வெட்டிப் பேச்சு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு ஆட்டம் பார்க்க உட்கார்ந்து திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் தூங்கி வழிகிறவன் நான். வெட்டிப் பேச்சின் மீது எனக்கு மரியாதை உண்டு. என் புகார் வேறு. இந்த ஒப்பீடு அணி முதலாளியின் கணக்கு. அதை ரசிகன் தன்னுடைய ரசனை என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர்களில் முக்கியமானவர் வைட் ரிசீவர். கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட். மொத்தம் 7 சுற்று. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த அணி தன்னை எடுக்க வேண்டும் என்று வீரர் முடிவுசெய்ய முடியாது. ஒரே ஏப்ரலில் உள்ளே வந்தவர்களை மொத்தமாக 'கிளாஸ்' என்கிறார்கள். நம்மூர் கல்லூரி பாஷையில் பேட்ச்.

*

ஒரு அப்பா, மகன் கதையை எடுத்துக்கொள்வோம்.

1996இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 19ஆவது தேர்வாக மார்வின் ஹாரிசனை எடுத்தது. முதல் வருஷம் 16 ஆட்டத்தில் 64 கேட்ச், 836 யார்டு, 8 டச்டவுன். 2024இல் அவருடைய மகன் மார்வின் ஹாரிசன் ஜூனியரை அரிசோனா கார்டினல்ஸ் 4ஆவது தேர்வாக எடுத்தது. முதல் வருஷம் 17 ஆட்டத்தில் 62 கேட்ச், 885 யார்டு, அதே 8 டச்டவுன். ஆட்டத்துக்கு இத்தனை யார்டு என்று வகுத்துப் பார்த்தால் இருவருக்கும் 52. புள்ளிக்குப் பிறகுதான் வித்தியாசம்.

மகனை 'ஏமாற்றம்' என்றார்கள். காரணம் அவர் கிளாஸ். அதே வருஷம் உள்ளே வந்த பிரையன் தாமஸ் ஜூனியர் 1282, மாலிக் நேபர்ஸ் 1204, லாட் மக்கான்கி 1149. பக்கத்து பெஞ்சில் மூன்று பேர் அதிக மார்க் வாங்கிவிட்டதால் இவர் மக்கு. அப்பாவின் கதை தெரியுமா? முதல் மூன்று சீசனிலும் அவர் 1000 யார்டைத் தொடவே இல்லை. 1998இல் பேட்டன் மேனிங் குவார்ட்டர்பேக்காக வந்தார். 1999இல் ஹாரிசன் 1663 யார்டு எடுத்தார். 2002இல் ஒரே சீசனில் 143 கேட்ச் பிடித்தார். 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் ஏறினார். முதலாண்டுக் கணக்கில் இதில் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அவருடைய கிளாஸில் முதல் வருஷம் 1000 தாண்டிய ஒரே ரிசீவர் டெரி க்ளென். டெரல் ஓவன்ஸ் மூன்றாம் சுற்றில், 89ஆவதாகப் போனார். முதல் வருஷம் 520 யார்டு. பின்னால் அவரும் ஹால் ஆஃப் ஃபேம். எரிக் மோல்ட்ஸ் முதல் வருஷம் 279, இரண்டு வருஷம் கழித்து 1368. ஐந்தாம் சுற்றில் போன ஜோ ஹார்ன் கன்சாஸ் சிட்டியில் பல வருஷம் ஓரத்திலேயே இருந்து, 2000இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போன பிறகுதான் பெரிய ரிசீவர் ஆனார். 1997 ஜனவரியில் உட்கார்ந்து இந்த கிளாஸுக்கு ரேங்க் போட்டிருந்தால் என்ன எழுதியிருப்போம்? 'க்ளென் பரவாயில்லை. மற்றவர்கள் பார்ப்போம்.'

*

சரி, எல்லோரும் கொண்டாடும் 2014க்கே வருவோம். ஓடெல் பெக்கம் ஜூனியர், மைக் எவன்ஸ், கெல்வின் பெஞ்சமின் என்று மூன்று பேர் முதல் வருஷமே 1000 தாண்டினார்கள். பெக்கம் காயத்தால் முதல் நான்கு ஆட்டம் ஆடாமல், மிச்சம் 12 ஆட்டத்தில் 1305 யார்டு எடுத்தார். அந்த நவம்பரில் டல்லாஸுக்கு எதிராக மல்லாக்க விழுந்துகொண்டே ஒற்றைக் கையில் பிடித்த கேட்சை, இந்த ஆட்டத்தை ஒருநாளும் பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள்.

அந்த வருஷக் கணக்கில் பெஞ்சமின் 1008 யார்டு, 9 டச்டவுன். இரண்டாம் சுற்றில் 53ஆவதாகப் போன டவான்டே ஆடம்ஸ் 446 யார்டு, 3 டச்டவுன். பெஞ்சமின் இரண்டு மடங்குக்கும் மேல். இதில் என்ன சந்தேகம்?

பெஞ்சமின் போய்ச் சேர்ந்த கரோலினாவில் பல வருஷமாக முதல் ரிசீவராக இருந்த ஸ்டீவ் ஸ்மித்தை அப்போதுதான் வெளியே அனுப்பியிருந்தார்கள்.  பந்து அதிகமாகப் புதியவரை நோக்கியே வந்தது. ஆடம்ஸ் போனது கிரீன் பேவுக்கு. அங்கே ஏரன் ராட்ஜர்ஸ் எறிய, ஜோர்டி நெல்சன் 1519, ராண்டல் காப் 1287. மூன்றாவது ஆளுக்கு என்ன மிஞ்சும்? இரண்டாம் வருஷம் நெல்சன் முழங்கால் காயத்தில் உட்கார்ந்தும்கூட ஆடம்ஸ் எடுத்தது 483தான். அத்தோடு தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு. பிறகு 2020, 2021, 2022 என்று மூன்று வருஷம் அடுத்தடுத்து லீகின் முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. பெஞ்சமினுக்கு 2015 ஆகஸ்டில் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2018க்குப் பிறகு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

பெஞ்சமினை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. 1008 என்ற எண்ணில் அவருடைய திறமை எவ்வளவு, காலி இடம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முதலாண்டு எண் பெரும்பாலும் சொல்வது, அந்த ஆளை எந்த வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதைத்தான்.

வருஷங்களுக்கு நடுவிலான ஒப்பீடு இன்னும் வேடிக்கை. 2023இல் ஐந்தாம் சுற்றில் 177ஆவதாகப் போன பூக்கா நகூவா 1486 யார்டு எடுத்து, 1960இல் பில் க்ரோமன் வைத்த 1473ஐ முறியடித்தார். க்ரோமன் ஆடியது 14 ஆட்டம்; நகூவா 17. ஆட்டத்துக்கு க்ரோமன் 105, நகூவா 87, நடுவில் பெக்கம் 109. அப்போ பெக்கம்தான் பெரிய ஆளா? அப்படியும் சொல்ல முடியாது. க்ரோமன் ஆடியது அன்று புதிதாகத் தொடங்கியிருந்த ஏஎஃப்எல்லில். அன்றைக்குத் தடுப்பாட்டக்காரர் ரிசீவரை வழியெல்லாம் இடித்துக்கொண்டே வரலாம். 1978இல்தான் 5 யார்டுக்கு மேல் இடிக்கக்கூடாது என்று விதி வந்தது. 2004இல் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். 2021இல் 17ஆவது ஆட்டம் சேர்ந்தது. யூனிட் மாறிக்கொண்டே இருக்கும் டேட்டாவை ஒரே பத்தியில் கொட்டிக் கூட்டினால், எங்கள் தொழிலில் கோட் ரிவ்யூவிலேயே துரத்திவிடுவார்கள்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. கிளாஸ் என்பது முழுப் பொய் இல்லை. கல்லூரி ஆட்டம் மாறியது, பள்ளியிலிருந்தே பையன்கள் பந்து பிடித்துப் பிடித்து வளர்கிறார்கள், அதனால் இன்றைய ரிசீவர் முதல் வருஷமே தயாராக வருகிறார் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது காலத்தைப் பற்றிய பேச்சு. 1996, 2014, 2024 என்று கோடு போட்டு ஆட்டம் எப்படி மாறியது என்று எழுதுங்கள், முதல் ஆளாக உட்கார்ந்து வாசிக்கிறேன். 'எது பெரிய கிளாஸ்' என்று கேட்டவுடனே அந்தப் பேச்சு செத்துவிடுகிறது. மிஞ்சுவது மொத்த மகசூல்.

*

மகசூல் யாருக்கு வேண்டும்? இங்கேதான் காசு வருகிறது.

2010 டிராஃப்டில் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம்; அதில் 50 மில்லியன் உத்தரவாதம். 2011இல் வீரர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் புது உடன்படிக்கை வந்தது. அந்த வருஷ முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு 4 வருஷம், 22 மில்லியன். டிராஃப்டில் வருகிறவர்களின் சம்பளம் எத்தனையாவதாகப் போனார் என்பதை வைத்தே கிட்டத்தட்ட நிர்ணயமாகிவிடும். 4 வருஷக் கட்டு. முதல் சுற்று ஆள் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது வருஷமும். மூன்று சீசன் முடியும்வரை சம்பளத்தைப் பற்றிப் புதிதாகப் பேசவே கூடாது.

ஜஸ்டின் ஜெஃபர்சன் 2020இல் ஐந்தாவது ரிசீவராகப் போனார். முதல் 4 சீசனில் 5899 யார்டு. அந்த 4 வருஷத்துக்கும் சேர்த்து அவருடைய ஒப்பந்தம் சுமார் 13 மில்லியன். 2024இல் புது ஒப்பந்தம் போட்டபோது வருஷத்துக்கு 35 மில்லியன். சந்தையில் அவர் விலை என்ன என்று தெரிந்த பிறகு பார்த்தால், அந்த 13 என்னவென்று புரியும். நகூவா சாதனை படைத்த வருஷம் ஆடியது நாலு வருஷத்துக்குச் சுமார் 4 மில்லியன் என்ற ஒப்பந்தத்தில்.

இப்போது சொல்லுங்கள், ஒரு ரிசீவர் முதல் வருஷமே எவ்வளவு தருகிறார் என்பது யாருடைய கவலை? அவர் மலிவாக இருக்கும் நாலு வருஷத்துக்குள் பிழிந்தாக வேண்டியவருடைய கவலை. ஆடம்ஸ் ஏழாவது வருஷம் உச்சத்துக்குப் போனால் ஆட்டத்தை நேசிப்பவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. பட்ஜெட் போடுகிறவருக்குத்தான் நஷ்டம். 'இந்த வருஷம் கிளாஸ் ரொம்ப ஆழம்' என்பது சந்தைக்காரர் பாஷை: வரத்து அதிகம், விலை இறங்கும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ரிசீவர் சம்பளம் கேட்டு வந்தால் காட்டுவதற்கு ஒரு பட்டியல் தயார்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இதே பாஷையைக் கேட்டிருக்கிறேன். 'திஸ் இயர் ஃப்ரெஷர் பேட்ச் சூப்பர்' என்று ஒரு மேனேஜர் சொன்ன காலாண்டில்தான் பத்து வருஷ அனுபவக்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சுக்குப் போனார்கள். அந்த 'சூப்பர்' யாருக்கு என்று எங்கள் வரிசையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என்எஃப்எல்லில் இதை மேடை போட்டே செய்தார்கள். 2022 ஏப்ரல் 28, டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கிறது. புது ஒப்பந்தம் கேட்டுக்கொண்டிருந்த ஏ.ஜே. பிரௌனை டென்னசி டைட்டன்ஸ் பிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்குக் கிடைத்த 18ஆவது தேர்வில் ட்ரேலன் பர்க்ஸை எடுத்தது. பிலடெல்ஃபியா பிரௌனுக்கு 4 வருஷம், 100 மில்லியன் கொடுத்தது. பழையவர் விலை ஏறிவிட்டார், அதே சாயலில் ஒரு மலிவுப் பதிப்பு வந்திருக்கிறது. அந்த சீசனில் பிரௌன் 1496, பர்க்ஸ் 444. டிசம்பரில் டைட்டன்ஸுக்கு எதிராகவே பிரௌன் இரண்டு டச்டவுன் போட்டார். இரண்டே நாளில் டைட்டன்ஸின் ஜெனரல் மேனேஜர் வேலை இழந்தார்.

இந்தக் கணக்கு பலிக்கவே பலிக்காது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே பலிக்கும். மின்னசோட்டா 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸைக் கொடுத்து வாங்கிய தேர்வில்தான் ஜெஃபர்சன் வந்தார். டைரீக் ஹில்லை 2022இல் விற்ற கன்சாஸ் சிட்டி அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தது. முதலாளி முதலாளிபோல யோசிக்கட்டும். அது அவர் காசு. ஆட்டம் பார்க்கிற நான் எதற்கு அவர் கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்?

*

டெட்ராய்டின் அமோன்-ரா செயின்ட் பிரௌன் 2021இல் நாலாம் சுற்றில் 112ஆவதாகப் போனார். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் வரிசை பிசகாமல் மனப்பாடமாகச் சொல்வார். 'பார், வீரர்களே ஒப்பிடுகிறார்களே' என்று இதை எனக்கு எதிராகக் காட்டலாம். ஆனால் அவர் சொல்வது பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு ஆள், ஒரு கல்லூரி, ஒரு ஆட்ட முறை. நம் ரேங்க் பட்டியலில் இருப்பது கூட்டுத்தொகை. கூட்டுத்தொகைக்கு முழங்கால் கிழியாது.

நமக்குக் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. எதிரில் நெஞ்சோடு நெஞ்சாக நிற்கிறவரிடமிருந்து இவர் எப்படி நழுவுகிறார்? எறிகிறவர் யார்? பக்கத்தில் யார் ஓடுகிறார்? பந்து வராத ஆட்டங்களில் என்ன செய்கிறார்? மைக் எவன்ஸ் 2014 முதல் 2024 வரை 11 சீசன் தொடர்ந்து 1000 தாண்டி, ஜெரி ரைஸின் சாதனையைச் சமன் செய்தார். அதில் முதலாவது சீசன், மற்ற பத்தைப் பற்றி நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொடர்ச்சி என்ற குணத்தை அறிய ஒரே வழி, தொடர்ந்து பார்ப்பது. அதற்குப் பத்து வருஷம் ஆகும். நாம் யாருக்கும் ஆளெடுத்துத் தரவில்லையே, ஆகட்டும்.