தள்ளுபடியின் விலை

பெரு வியாபாரத்தைத் திட்டி எழுதும் நாம் புத்தகம் வாங்குவது ஊருக்கு ஊர் கிளை போட்ட கடைகளின் தள்ளுபடியில். நானும் வாங்கியவன்தான். அங்கே ஊழியரின் புன்னகை சீருடையோடு சேர்ந்து வருகிறது. புத்தகத்தின் பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டரைத்தான் பார்க்கிறார். நம் பத்திரிகையில் பத்துப் பிரதிகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, சும்மா திரும்ப இருந்தவர் கையில் ஒன்றைத் திணித்தவர் சின்னக் கடைக்காரர்.

பிரான்ஸில் 1981-இல் சட்டமே போட்டார்கள்: புதுப் புத்தகத்துக்கு எந்தக் கடையும் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது. விலையில் போட்டி இல்லையென்றானபின் புத்தகம் தெரிந்தவருக்கு அங்கே இடமிருக்கிறது. இங்கே அப்படிச் சட்டமில்லை. நாம் மிச்சம் பிடிக்கும் 20 ரூபாயில் அவருடைய கடை வாடகை இருக்கிறது. கடை மூடியபின் இரங்கல் கவிதை எழுத நமக்கு யோக்யதை கிடையாது.