எரிந்து விழுகிறாரா? குணக்கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள்

நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்துவந்தவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். அங்கே உற்சாகமாக வந்து சேர்ந்த தொண்டர்கள், மாதங்கள் செல்லச் செல்ல வேறு ஆட்களாக மாறுவதைக் கவனித்தார். விடாத சளி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை. பிறகு சிடுசிடுப்பு, எதிலும் அவநம்பிக்கை. கூடுதல் நேரம் உழைத்தார்கள். வேலை மட்டும் நகரவில்லை. 1974-ல் எழுதிய கட்டுரையில் இந்த நிலையை அவர் 'பர்ன் அவுட்' என்று குறிப்பிட்டார்.

இந்த வரிசை இன்றும் மாறவில்லை. அவசரத்துக்கு அட்ரினலினும் கார்டிசோலும் சுரப்பது உடலுக்கு நல்லதே. ஆனால், அந்த அவசரநிலை மாதக்கணக்கில் நீடித்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. மன அழுத்த ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: எச்சரிக்கை, தாக்குப்பிடித்தல், சோர்ந்து விழுதல். ஏமாற்றுவது நடுக்கட்டம். வெளியே பார்ப்பவர்களுக்கு, பாதிக்கப்பட்டவர் எல்லாவற்றையும் சமாளிப்பதாகவே தோன்றும்.

அந்தக் கட்டத்திலும் அறிகுறிகள் உண்டு. ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்கள்கிழமை காலை அசதி. வழக்கமாகச் செய்யும் வேலையிலேயே சில்லறைத் தவறுகள். சாப்பிடும் நேரத்திலும் கண் கைபேசியில். உறவினர் வீட்டு விசேஷம் என்றாலே சலிப்பு. நம்மவர்கள் இதற்கெல்லாம் 'கேஸ்' மாத்திரையும் தைலமும் வாங்கிக் காலத்தை ஓட்டுகிறார்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய் ஆகியவற்றாலும் அசதி வரும் என்பதால், இரண்டு மூன்று வாரங்கள் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

மருத்துவரிடம் போவதற்கு முன்பே இந்த அறிகுறிகளில் பல அலுவலகத்தில் தென்பட்டுவிடுகின்றன. தாமத வருகை, அடிக்கடி எடுக்கும் மருத்துவ விடுப்பு, சக ஊழியரிடம் எரிந்து விழுவது எல்லாம் மேலதிகாரியின் கண்ணெதிரே நடப்பவை. அவற்றுக்கு 'மெமோ' கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். உலக சுகாதார நிறுவனமோ 2019-ல் பர்ன் அவுட்டைத் தனிமனித நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது. அப்படியானால், ஊழியரை யோகா வகுப்புக்கு அனுப்பிவிட்டு வேலைப்பளுவில் கைவைக்காத நிர்வாகம், பாதிக் கடமையைக்கூடச் செய்யவில்லை.

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கூட்டாகத் தெரிவித்தன. தமிழகத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023-ல் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. சரியான முடிவு அது. அடுத்து, வேலை நேரம் முடிந்த பிறகும் வந்து குவியும் வாட்ஸ்அப் உத்தரவுகளுக்கும் ஒரு வரம்பு வேண்டும்.

தூக்கமும் பொறுமையும் ஒருசேரக் குறைவதை உணர்பவர்கள், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.