முன்பக்கத்தில் ஏன் வேலை செய்யவில்லை?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலோ, அரியலூர்க் கடைத் தெருவிலோ ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து, "இதிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வேண்டும்" என்று பென்டிரைவை நீட்டுகிறார் ஒருவர். கடைப் பையன் அதை வாங்கிக் கம்ப்யூட்டரின் முகப்பிலுள்ள துவாரத்தில் செருகுவதில்லை. மேஜைக்கு அடியில் குனிகிறான். பெட்டியை அரை வட்டம் திருப்புகிறான். ஒட்டடை படிந்த முதுகுப்புறத்தில் கையால் தடவித் தடவிச் செருகுகிறான்.

"முன்னாடியே ஓட்டை இருக்கே, தம்பி?"

"அது வேலை செய்யாதுண்ணே."

எத்தனை நாளாக என்று விசாரித்தால், வாங்கின நாளிலிருந்தே என்பான். இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் நம் ஊர்களில் அபூர்வம். கெட்டுப் போனது ஒன்றுமில்லை. உள்ளே ஒரு வயரை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பணம் கொடுத்து வாங்கிய பொருளில் பாதி சௌகரியம் முதல் நாளே செத்துக் கிடக்கிறது. அதைக் கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை.

கம்ப்யூட்டரின் முதுகிலுள்ள துவாரங்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முகப்பில் உள்ளவை அப்படியல்ல. அவை கேபினெட்டைச் சேர்ந்தவை. அங்கிருந்து மெல்லிய வயர்கள் உள்ளே வந்து, மதர்போர்டின் ஓரத்தில் நிற்கும் ஊசி போன்ற சிறு கம்பிகளில் மாட்டப்பட வேண்டும். கேபினெட் செய்பவர் ஒருவர். போர்டு செய்பவர் வேறொருவர். இரண்டையும் இணைத்து வைக்கும் பொறுப்பு மெக்கானிக்கின் தலையில் விழுகிறது. (பெரம்பலூரும் அரியலூரும் இந்தச் சங்கடத்தை அறிந்தவைதான். 1995-இல் ஒரே மாவட்டமாகி, 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்த ஊர்களுக்குச் சேர்ப்பதும் கழற்றுவதும் புதிதல்ல!)

இந்த ஊசிகளுக்கு ஒரு முறை இல்லாமல் இல்லை. இன்டெல் நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டி ஏடு ஒன்று வெளியிட்டது. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதன்படி பொத்தான்களுக்கும் விளக்குகளுக்கும் ஐந்தைந்தாக இரண்டு வரிசை. அதில் பத்தாவது ஊசி மட்டும் இராது. 1, 3 ஹார்டு டிஸ்க் விளக்கு. 2, 4 பவர் விளக்கு. 5, 7 ரீசெட் பொத்தான். 6, 8 பவர் பொத்தான். ஒன்பது சும்மா நிற்கும். பொத்தான் வயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். ஏனெனில் அமுக்கும்போது இரண்டு ஊசிகளும் ஒரு கணம் தொட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. விளக்கு வயருக்கு மட்டும் நேர்முனை, எதிர்முனை பார்க்க வேண்டும். மாறினால் ஆபத்தில்லை, விளக்கு எரியாது.

பல போர்டுகள் இதையே பின்பற்றுகின்றன; எல்லாமும் அல்ல. அப்படியும் கேபினெட்காரர்கள் ஒரே கொத்தாகச் செய்யாமல், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய நாலைந்து தனித்தனிச் செருகிகளாகத் தொங்கவிடுகிறார்கள். சிலவற்றில் பவர் விளக்கின் செருகி மூன்று துளை அகலம், நடுத்துளை காலி. போர்டிலோ இரண்டு ஊசிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இது எப்படிப் பொருந்தும்? மெக்கானிக் பெருமூச்சு விட்டு அந்த வயரைச் சுருட்டி ஓரத்தில் செருகிவிடுகிறார். அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல.

எரிந்துபோகும் வயர்

விளக்கு எரியாததோடு போனால் பாதகமில்லை. பென்டிரைவ் துவாரத்தின் சங்கதி வேறு. அதற்கும் ஒன்பது ஊசிதான். ஆனால் மூலையில் ஒன்று, அதாவது ஒன்பதாவது, இராது. சிவப்பு வயரில் 5 வோல்ட்; வெள்ளையும் பச்சையும் செய்தி கொண்டு போகும்; கறுப்பு எர்த். பழைய கேபினெட்டுகளில் இந்த வயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் செருகுகிற பென்டிரைவ் போய்விடும். ஒரு காலத்துப் போர்டுகளில் 'ஃபயர்வயர்' என்ற இணைப்புக்கும் இதே உருவில் ஊசிகள் இருந்தன. அவற்றில் ஓடுவது 12 வோல்ட். ஒன்றின் செருகியை மற்றொன்றில் மாட்டினால் போர்டே பாழாகும் என்று சில போர்டுகளின் கையேட்டிலேயே எச்சரித்திருந்தார்கள். இயர்போன் துவாரத்துக்கும் ஒன்பது ஊசிகளே. அங்கே இல்லாதது எட்டாவது ஊசி. எந்த ஊசி இல்லை என்று பார்த்து மாட்டுவதே இந்தத் தொழிலின் சூட்சுமம்.

கையேடு என்று சொன்னோமே, அது எங்கே? புதுப் போர்டு என்றால் அட்டை டப்பாவோடு குப்பைக்குப் போயிருக்கும். நம் பக்கத்துக் கடைகளுக்குச் சாமான்கள் அனேகமாக அறுபது கிலோமீட்டர் தள்ளித் திருச்சியிலிருந்தோ, சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வருகின்றன. பழைய போர்டு என்றால் டப்பாவும் கிடையாது, ஏடும் கிடையாது. 2011-இல் வந்த 'எச் 61' வகைப் போர்டுகள் மலிவு என்பதால் இன்னமும் கைமாறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் நீல நிறத்து யு.எஸ்.பி. 3 இணைப்புக்கு இடமே இல்லை. புதுக் கேபினெட்டின் முகப்பிலோ நீலத் துவாரம் பளபளக்கிறது! பத்தொன்பது ஊசிகளுக்கான அந்தத் தடித்த செருகியை மாட்ட இடமில்லாமல் உள்ளேயே தொங்கவிடுகிறார்கள். சிறிய அடாப்டர் ஒன்று வாங்கிப் பழைய ஒன்பது ஊசியில் இணைத்தால், வேகம் குறைந்தாலும் துவாரம் உயிர் பெறும். அதை வாங்கிப் போடச் சொல்ல வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிய வேண்டுமே!

"பின்னாடிதான் நாலு, ஆறு துவாரம் இருக்கிறதே, முன்னாடி எதற்கு?" என்று சில மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் முதுகுத் துவாரம் போர்டோடு பற்றவைத்தது. ஒரு நாளைக்கு நாற்பது முறை, கண்ணால் பாராமல், கோணலாகக் குத்திக் குத்தி அது ஆட்டங் கண்டால், போனது போர்டு. முகப்புத் துவாரம் கெட்டால் அந்தச் சிறு பலகையையும் வயரையும் மட்டும் மாற்றிவிடலாம். தேய்வதற்கென்றே வைத்த உறுப்பைத் தூங்க விட்டு, தேயக் கூடாததைத் தேய்க்கிறார்கள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று போட்டோவும் கையெழுத்தும் பென்டிரைவில் கொண்டு வரும் பெண்ணுக்கு, அந்த முதுகுத் துவாரமும் கைவிட்டால் என்ன கதி?

பள்ளிக்கூடப் பாடத்தில் போர்ட்டுகளின் பெயர்கள் வருகின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறார்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, இந்த வயர் இங்கே போகிறது என்று பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? உபயோகமற்றுப் போன ஒரு பழைய போர்டும் ஒரு காலிக் கேபினெட்டும் வகுப்பில் இருந்தால் போதும். ஒரே பீரியடில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஏனெனில் அணைத்து வைத்த மெஷினிலும் 5 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு துண்டுக் காகிதம்

கடைக்காரர்கள் செய்யக்கூடியது இன்னும் சுலபம். எந்த ஊசியில் எந்த வயர் என்பதைத் தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேபினெட் தகட்டின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம். வாங்குகிறவர்களும் ஒரு பென்டிரைவையும் ஓர் இயர்போனையும் கையோடு கொண்டுபோய், முகப்பிலேயே செருகிப் பார்த்த பிறகு பணத்தை எண்ணலாம்.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இந்த இரண்டு ஊர்களிலும் ரீசெட் பொத்தானை அமுக்கித்தான் உயிர் பெறும் மெஷின்கள் உண்டு. பவர் பொத்தான் உடைந்தபோது, சமர்த்தான ஒரு மெக்கானிக் ரீசெட்டின் வயரை எடுத்து 6, 8-இல் மாட்டிவிட்டுப் போயிருப்பார். நல்ல யோசனை; செலவும் இல்லை. அடுத்து வருகிற மெக்கானிக்குக்கு அது தெரியாது. உடைந்த பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுங்க, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.