வெளிநாட்டில் மாமா இருந்தால் மருத்துவ சீட்டா?

தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர விரும்பும் பிள்ளை, 6-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை இங்கேயே படித்ததைக் காட்ட வேண்டும். வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ், பெற்றோரின் ஆவணங்கள் என்று அலைச்சல் கூடும். அதில் தவறில்லை, மாநிலத்து இடம் மாநிலப் பிள்ளைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் இதே மண்ணில் நிற்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அந்தச் சான்றிதழுக்கு வேலையே இல்லை. அங்கே மாநில ஒதுக்கீடும் கிடையாது, 69 சதவீத இடஒதுக்கீடும் கிடையாது. எல்லா இடங்களும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) நடத்தும் அகில இந்தியக் கலந்தாய்வில்தான் நிரம்புகின்றன. அங்கே கைகொடுப்பது வேறொரு தாள்: வெளிநாட்டில் ஓர் உறவினர் இருக்கிறார், செலவை அவர் ஏற்கிறார் என்ற சான்று. அதைக் காட்டிப் பெறும் இடம்தான் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) கோட்டா.

2005-ல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரிகளுக்கு 15 சதவீதம் வரை இந்த இடங்களை அனுமதித்தது. சும்மா அனுமதிக்கவில்லை. உண்மையான வெளிநாடுவாழ் இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் பொறுப்பில் வளர்பவர்களுக்குமே இடம், தகுதியை முற்றிலும் கைவிடக்கூடாது, கிடைக்கும் கூடுதல் பணத்தில் ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை என்று நிபந்தனை போட்டது. முறைகேட்டைத் தடுக்கச் சட்டம் தேவை என்றும் சொன்னது. கோட்டா மட்டும் நிலைத்துவிட்டது. தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை என யார் வெளிநாட்டில் இருந்தாலும் ஸ்பான்சர் ஆகலாம் என்ற அளவுக்கு எம்.சி.சி. நடைமுறை விரிந்திருக்கிறது. பிள்ளை பிறந்து வளர்ந்து படித்தது எல்லாம் இங்கேயே என்றாலும், பணமும் ஒரு மாமாவும் இருந்தால் போதும்.

2024 ஆகஸ்டில் பஞ்சாப் அரசும் இதே வழியில் உறவு வட்டத்தை விரித்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செப்டம்பர் 24 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இது மோசடி என்றே கண்டித்தது. பஞ்சாபில் மோசடி என்றால் மற்ற இடங்களில் மட்டும் எப்படி முறையாகும்?

2025 நீட் தேர்வில் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144. அதைப்போல் மும்மடங்கு வாங்கியும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், தனியார் கட்டணத்தைக் கேட்டதும் கனவை மூட்டை கட்டிவைத்த பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் தகுதி மதிப்பெண்ணை மட்டும் தாண்டியவருக்கு ஓர் உறவினரின் கையெழுத்து கதவைத் திறந்துவிடுகிறது. மதிப்பெண்ணை விலைக்கு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை.

இதைச் சரிசெய்வது கடினமல்ல. என்.ஆர்.ஐ. இடம் வெளிநாட்டில் வாழ்பவரின் சொந்தப் பிள்ளைக்கும், பெற்றோரை இழந்து அவர் சட்டப்படி வளர்க்கும் பிள்ளைக்கும் மட்டும் என்று வரையறுக்க வேண்டும். அவர் வெளிநாட்டில் வாழ்வதற்கான தூதரகச் சான்றிதழை மாணவர் கொண்டுவருவதை ஏற்காமல், இடம் ஒதுக்கும் முன்பே கலந்தாய்வை நடத்தும் குழு தூதரகத்திடம் நேரடியாகச் சரிபார்க்க வேண்டும். மீதமாகும் இடங்களை வழக்கமான கட்டணத்தில் பொதுக் கலந்தாய்வுக்குத் திருப்ப வேண்டும். கோட்டாவில் வந்த பணம் எத்தனை ஏழை மாணவர்களுக்குப் போனது என்று ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும்.

மத்திய சுகாதார அமைச்சகமும் தமிழக அரசும் அடுத்த கலந்தாய்வு அறிவிப்புக்கு முன்பே இதற்கான விதிகளைக் கொண்டுவர வேண்டும்.