அம்மாவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி

மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ எந்த வீட்டில் வேண்டுமானாலும் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், அந்த வாரமே கண்ணாடி வந்துவிடும். ஆபீஸ் காகிதம் மங்கினால் அப்பா மறுநாளே டாக்டர் வீட்டு வாசலில் நிற்பார். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றால் மட்டும், "இந்தாடி, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடு" என்று மகளைக் கூப்பிடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்தக் குறைக்குத் தமிழில் 'வெள்ளெழுத்து' என்று பெயர். பாட்டிமார் 'சாளேசுவரம்' என்பார்கள். ஏதோ சிவஸ்தலம் என்று நினைத்துவிட வேண்டாம்! ஹிந்தியில் நாற்பதைச் 'சாலீஸ்' என்கிறார்களே, அதற்கு உறவான சொல். பெயரிலேயே வயதை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. இளமையில் அது மிருதுவாக இருப்பதால், பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது வேண்டிய அளவு பருத்துக்கொள்கிறது. வயது ஏற ஏற அது இறுகிப்போய், வளைந்துகொடுக்க மறுக்கிறது. அப்போது பத்திரிகையைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம். கையின் நீளமும் போதாமல் போகும்போது கண்ணாடி தேவைப்படுகிறது. இது வியாதி அல்ல. நரையைப்போல எல்லோருக்கும் வருவதுதான்.

"இப்போதே போட்டுக்கொண்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே?" என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். அறுபது வயது வாக்கில் அநேகமாக நின்றுவிடும். பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லதே. ஆனால் இறுகிய வில்லையை இளக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

கண்ணாடி இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். அதன் முடிவு 2018-ல் வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகு. முதல் கூட்டத்தார் பறித்த கொழுந்தின் அளவு, மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவிகிதம் கூடுதலாக உயர்ந்தது. கை அதே கை, செடி அதே செடி. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி ஏறியதுதான் வித்தியாசம்.

வீட்டு வேலை மட்டும் என்ன? அரிசியில் கல் பொறுக்க வேண்டும். மாத்திரை அட்டையில் தேதி பார்க்க வேண்டும். இன்றைக்குப் பாங்கிக்காரன் செல்போனுக்கு ஒரு ரகசிய எண்ணை வேறு அனுப்பிவைக்கிறான். அதைப் படிக்க முடியாத மாமி, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு பிள்ளையாண்டானிடம் போனை நீட்டுகிறாள். பணம் அவளுடையது, கண் இரவல். இது எத்தனை ஆபத்து!

தி. நகருக்குத் துணி வாங்கப் போன இடத்தில் ரெடிமேட் கண்ணாடி ஒன்றையும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. அதனால் கண் கெட்டுவிடாது. ஆனால் அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான். அதைவிட முக்கியம், கண்ணை யாரும் பார்க்கவில்லை என்பது. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் திருடன்போல் வரும். சர்க்கரை வியாதியும் சத்தமில்லாமல் கண்ணின் உள்திரையைக் கெடுக்கும். இவையெல்லாம் பரிசோதித்தால்தான் தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் அது கட்டுக்குள் இருக்கும்போது பவர் பார்த்துக்கொள்வது நல்லது. ஏறி இறங்கினால் பவரும் மாறிக் காட்டும்.

நமக்குக் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. இரண்டும் நமக்கு ஒரு பஸ் தூரந்தான்.

கண்ணாடி வந்த பிறகு சில வார்த்தை. அதை முந்தானையால் துடைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் தூசி கீறிவிடும். தண்ணீரில் அலம்பி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அடுப்பு மேடை அதற்கு இடமல்ல. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்து உப்புக் காற்றும் வேர்வையும் சேர்ந்தால், உலோகச் சட்டத்தில் மூக்கில் படியும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அவ்வப்போது சோப்புத் தண்ணீர் தொட்டு, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். படிக்கும் கண்ணாடியோடு மாடிப்படி இறங்க வேண்டாம். படி மங்கித் தெரிந்து கால் தவறும்.

அடுத்த முறை பிள்ளையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, அம்மா வெளியே பெஞ்சியில் பையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பிள்ளை எழுந்ததும் அந்த நாற்காலியில் அவளும் உட்காரட்டும்.